அண்டி ஆபீஸும் தண்டவாள மணியும்: பள்ளிக்கூடம் யாருக்காகப் பிறந்தது?

இரணியல் வாசகர், 2025 ஜூன் 3

பள்ளிக்கூடம் என்பதே ஆலைக்கு ஆள் தயாரிக்க ஜெர்மனியின் பிரஷ்யாக்காரனும் இங்கிலாந்துக்காரனும் கண்டுபிடித்த எந்திரம். மணி, வரிசை, சீருடை, வருகைப் பதிவேடு எல்லாம் அதற்குத்தான். அப்படியென்றால் ஆலையே இல்லாத கன்னியாகுமரி மாவட்டம் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலில் நிற்பது எதற்கு? வெளியூருக்கு ஆள் ஏற்றி அனுப்பவா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

நான் அரசு ஐடிஐ ஒன்றில் பிட்டர் பிரிவில் (எந்திர உறுப்புகளை ராவிப் பொருத்தும் வேலை) 31 வருடம் பாடம் நடத்தி 2018இல் ஓய்வு பெற்றவன். ஆலைக்கு ஆள் தயாரித்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆகவே இதில் எனக்குப் பேச உரிமை உண்டு.

முதலில் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80.09 விழுக்காடு, நம் மாவட்டம் 91.75. அதில் சண்டை இல்லை. "ஆலையே இல்லாத" என்றீர்களே, அங்கேதான் சண்டை. மணவாளக்குறிச்சியில் கடல்மணலைச் சலித்து மோனசைட், இல்மனைட் என்ற கனிமங்களைப் பிரிக்கிறார்கள். செங்கல் சூளை, கயிறு, வடசேரித் தறி எல்லாம் இருக்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுற்றுபவை காற்றாலைகள், பெயரிலாவது ஆலை. எல்லாவற்றுக்கும் மேலே அண்டி ஆபீஸ். தோவாளைக்கு வடக்கே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. அதை உடைத்துப் பருப்பெடுக்கும் இடத்தை இங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ஆபீஸ்தான். என் அம்மை 22 வருடம் ஆபீஸுக்குப் போனாள். பேனா பிடித்ததே இல்லை.

மணி பற்றி ஒன்று. நான் படித்த தொடக்கப்பள்ளியில் புளியமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். இரும்புக் கம்பியால் அடித்தால் அரைக் கிலோமீட்டருக்குக் கேட்கும். அது 1965. இந்த மாவட்டத்துக்கு ரயில் வந்தது 1979இல். எங்கள் ஊருக்குத் தண்டவாளம் 14 வருடம் முன்னதாகவே வந்து பள்ளிக்கூட வேலையில் சேர்ந்துவிட்டது.

ஜூன் 4

இங்கிலாந்தை இழுத்தீர்கள் அல்லவா? அங்கே நடந்தது தலைகீழ். முதலில் ஆலை, பள்ளிக்கூடம் வெகு பின்னால். பருத்தி ஆலைகள் பெருகி இரண்டு தலைமுறை ஆன பிறகும், 1841இல், திருமணப் பதிவேட்டில் மூன்றில் ஒரு மாப்பிள்ளையும் ஏறக்குறைய பாதி மணப்பெண்களும் கையெழுத்துக்குப் பதில் கீறல் போட்டிருக்கிறார்கள். எல்லா ஊருக்கும் பள்ளி என்ற சட்டம் 1870இல், கட்டாயக் கல்வி 1880இல். உலகத்துக்கே துணி நெய்து முடித்த பிறகு.

1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 9 வயது முதல் 13 வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளைக்கு இரண்டு மணி நேரம் பாடம் என்று எழுதினார்கள். ஆலைக்காரர் வாத்தியாரிடம் சான்று வாங்கி வைக்க வேண்டும். ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தால் சில சான்றுகளில் வாத்தியாரின் கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. வாத்தியாருக்கே எழுதத் தெரியாது. 1844இல் சட்டத்தைத் திருத்தி, வாத்தியார் தன் பெயரைத் தன் கையாலேயே முழுதாக எழுத வேண்டும் என்று சேர்த்தார்கள். நம் ஊர்ப் பயிற்சிச் சான்றிதழ்களைப் பற்றி இந்த இடத்தில் நான் எதுவும் சொல்லப் போவதில்லை, ஓய்வூதியம் வாங்குகிறவன்.

ஜூன் 4, பிற்பகல்

ஒரு திருத்தம். நேற்றுச் செங்கல் சூளை, கயிறு என்று எழுதியவன் ரப்பரை விட்டுவிட்டேன். குலசேகரத்துத் தம்பி ஒருவர் கோபித்துக்கொண்டார். நியாயம்தான். விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிப் பால் வெட்டிவிட்டு, கையில் பால் நாற்றத்தோடு முதல் பாடவேளைக்கு வந்து உறங்கிய மாணவர்கள் என் வகுப்பில் எல்லா வருடமும் இருந்தார்கள். அவர்களை நான் எழுப்பியதில்லை.

ஜூன் 5

பிரஷ்யா. இதை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே பொறி தட்டியது. பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடரிக் ஊர்ப் பள்ளிகளுக்கான சட்டம் போட்டது 1763இல். அப்போது அங்கே ஆலை என்று சொல்ல ஒன்றும் இல்லை, வயலும் பட்டாளமும்தான். பைபிள் வாசிக்கவும் அடங்கி நடக்கவும் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். ஆலை அடுத்த நூற்றாண்டில் வந்தது. வந்தபோது வாசிக்கத் தெரிந்த ஆட்கள் தயாராக நின்றார்கள். அதற்காகத்தான் பள்ளி கட்டினார்கள் என்று சொல்வது, மழை பெய்யும் என்று தெரிந்துதான் தவளை பிறந்தது என்று சொல்வது போல.

சரி, பொறி எது? அந்தச் சட்டம் வந்து ஏழு வருடம் கழித்து, 1770இல், பிரஷ்யாவின் சைலீசியாவில் ஒரு பிள்ளை பிறந்தது. பெயர் ரிங்கல்தௌபே. மயிலாடி வேதமாணிக்கம் அழைத்து 1806இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தாரே, அதே ரிங்கல்தௌபே பாதிரியார்தான். நம் பக்கத்துப் பள்ளிகளின் தொடக்கத்தைப் பேசும்போது எல்லோரும் "வெள்ளைக்காரன்", "இங்கிலீஷ்காரன்" என்போம். நானும் 31 வருடம் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். அனுப்பியது லண்டன் மிஷனரி சங்கம். வந்தவர் பிரஷ்யாக்காரர். இரணியல்காரருக்கு ஒரு புள்ளி கொடுக்கிறேன், அரைப் புள்ளி.

ஆனால் 1806இல் மயிலாடியில் எந்த ஆலைக்கு ஆள் தேவைப்பட்டது? கல் கொத்த ஆள் இருந்தது. அதற்கு எழுத்து வேண்டாம். 1817இல் ராணி கௌரி பார்வதி பாய் மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று உத்தரவு போட்டதும் ஆலையை நினைத்தல்ல. அந்த உத்தரவு எழுதியிருந்தபோதும் எங்கள் பாட்டன் பூட்டன்மார் சர்க்கார் பள்ளித் திண்ணையை மிதிக்க முடியவில்லை. அவர்களுக்கு எழுத்து ஏன் வேண்டியிருந்தது என்பதைத் தோள்சீலைக் கலவரத்தோடு வைத்துப் பாருங்கள். பெண்கள் மேலுடுப்பு போடும் உரிமைக்காக 1859 வரை மல்லுக்கட்ட வேண்டியிருந்த கூட்டத்துக்கு மனு எழுதத் தெரிந்தவன் ஒருவன் வேண்டும், வரிச்சீட்டு வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன் வேண்டும். சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜூன் 7

இரண்டு நாளாக மழை. ரப்பருக்கு விடுமுறை, எனக்கும்தான்.

மேலே எழுதியதை வாசித்தபோது ஒன்று உறைத்தது. ஆலைக்கு ஆள் அனுப்பப் பள்ளியா என்று நீங்கள் கேட்டீர்கள், இல்லை என்று நானும் அடித்துச் சொன்னேன். நம் ஊரில் கதை மறுபக்கமாக ஓடியிருக்கிறது. பள்ளிக்குக் காசு தொழிலிலிருந்து வந்தது.

ரேந்தையை, அதாவது நூலில் பின்னும் லேஸை, எடுத்துக்கொள்ளுங்கள். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சில வருடத்தில் அதே பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். காலையில் எழுத்து, பிறகு ரேந்தை. விற்ற காசு பள்ளிக்கும் பிள்ளைகளுக்கும். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் ரேந்தைக் காசு கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூர் அடிமைமுறையை ஒழித்தது 1855இல். இவர்கள் அதற்கு முன்பே விரல் நுனியால் கணக்குத் தீர்த்தவர்கள். ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்துக்குப் போன சரக்கு அது. மாவட்டத்தின் ஓர் ஏற்றுமதித் தொழில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது.

அடுத்து என் வீடு. என் ஐடிஐ படிப்பு முழுக்க அம்மையின் அண்டி ஆபீஸ் கூலியில் நடந்தது. சனிக்கிழமை மாலை கூலி. முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்க்கும்போது நோட்டில் சுட்ட அண்டியின் மணம் இருக்கும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொத்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அம்மையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருத்தே இருந்தன. ஐடிஐ சேர்க்கை விண்ணப்பத்தில் பெற்றோர் கைநாட்டு வைக்கும் இடத்தில் எழுத்தர் மைப்பெட்டியை நீட்டினார். அம்மை சிரித்தாள்: "மை எதற்குச் சார், விரலே மைதான்."

இதை வைத்து அன்று ஒரு மேடையில் பேசிக் கைதட்டும் வாங்கினேன். ஆலை பள்ளியை ஊட்டி வளர்த்தது என்று முடித்தேன்.

ஜூன் 9

அந்தக் கைதட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மேலே சொன்னதில் என் அக்கா இல்லை. 1971இல் எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்தி ஆபீஸுக்கு அனுப்பினார்கள். வயது 14 நிரம்பியது என்று எழுதிக் கொடுத்தார்கள். நிரம்ப நான்கு மாதம் இருந்தது. இங்கிலாந்து வாத்தியாரின் பெருக்கல் குறியைப் பார்த்துச் சிரித்தேனே, எங்கள் வீட்டுத் தாளிலும் ஒரு பொய் இருந்தது. என்னைப் பள்ளியில் வைத்திருக்க அம்மையின் கூலி போதவில்லை. இரண்டு கூலி வேண்டியிருந்தது. ஊட்டி வளர்த்தது என்று எழுதினேன். ஒரு பிள்ளைக்கு ஊட்டியது, ஒரு பிள்ளையின் இலையை எடுத்துவிட்டு.

இன்னொன்று. அண்டி ஆபீஸ்கள் இங்கே பெருகியது நம் படிப்பைப் பார்த்தல்ல. கேரளத்தில் கூலி ஏறும்போதெல்லாம் கொல்லத்து முதலாளிமார் எல்லை தாண்டி இங்கே ஆபீஸ் திறந்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், கூலிச் சட்டமும் கேரள எல்லையான களியக்காவிளையில் கோடு கிழித்துக்கொண்டது. கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மாதிரி படித்த பெண்கள், ஒரே அண்டி, ஒரே எண்ணெய். கூலி மட்டும் வேறு. படிப்பு இருந்தால் தொழில் தேடி வரும் என்பவர்கள் ஒரு நாள் களியக்காவிளையில் நின்று டீ குடித்துவிட்டுப் பேசலாம்.

ஜூன் 10

அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். பேத்தி இதையெல்லாம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். நல்ல ஏச்சு. சுருக்கித் தருகிறேன்:

"என் இலையை யாரும் எடுக்கவில்லை. எனக்குக் கணக்குப் பாடம் பிடிக்கும், மற்றதெல்லாம் வேம்பு. எட்டு படித்திருந்ததால்தான் என்னை உடைப்பில் உட்கார வைக்காமல் கிரேடிங்கில் போட்டார்கள். என் கையைப் பார், வெள்ளையாக இருக்கிறது. அதையும் எழுது."

எழுதுகிறேன். கிரேடிங் என்றால்: முழுப் பருப்பைக் கண்ணால் பார்த்தே அளவு பிரிக்க வேண்டும். டபிள்யூ 240, டபிள்யூ 320, டபிள்யூ 450 என்று தரம். 320 என்றால் ஒரு பவுண்டில் 300 முதல் 320 பருப்பு நிற்க வேண்டும். அக்கா தராசு பார்க்காமல் பிரிப்பாள். மேற்பார்வையாளர் ஒரு பவுண்டு எடுத்து எண்ணினால் 310, 315 என்று நிற்கும். நான் வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவி வைத்துச் செய்வதை அவள் கண்ணால் செய்தாள். எனக்கு அரசு ஓய்வூதியம், அவளுக்கு...

விடுங்கள். சொல்ல வந்தது இது. அங்கே ஒரு வாரம் சீட்டில் எடை குறைத்து எழுதியிருந்தார்கள். எட்டாம் வகுப்புக்காரி தன் சீட்டைத் தானே வாசித்தாள். பக்கத்து ஆறு பேரின் சீட்டையும் வாசித்தாள். திங்கட்கிழமை ஏழு பேரும் உள்ளே போகாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்து மணிக்குள் கணக்கு சரியானது. பள்ளிக்கூடம் ஆலைக்குப் பணிந்த ஆளைச் செய்து தருகிறது என்றீர்களே இரணியல்காரரே, இந்த ஏழு பேரை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

ஜூன் 10, இரவு

"வாசலில் இருந்தது ஏழு பேர் அல்ல, ஒன்பது பேர்" என்று அக்காவின் குறுஞ்செய்தி. திருத்திக்கொள்கிறேன்.

ஜூன் 13

மணி, வரிசை பற்றி இரணியல்காரர் விடுவதாக இல்லை. "வகுப்பறை அமைப்பே ஆலை மாதிரி, அது எங்கிருந்து வந்தது?" என்கிறார்.

அண்ணாச்சி, அதில் ஒரு பங்கு இங்கிருந்து போனது. ஆண்ட்ரூ பெல் என்று ஒரு பாதிரியார். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொண்டவர். நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியில் மணலைப் பரப்பினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்படி செய்தார். ஊர் திரும்பி 1797இல் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்குப் பெயரே சென்னை முறை. ஒரு வாத்தியார், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவில் சட்டாம்பிள்ளைகள். நீராவி எந்திரத்தையும் நூற்பு எந்திரத்தையும் போல உழைப்பைக் குறைத்து விளைச்சலைப் பெருக்குகிறது என்று பெல்லே மெச்சிக்கொண்டார். ஆக, ஆலை மாதிரி என்ற பேச்சு உங்களுடையது அல்ல, அவருடையது. இருநூறு வருடப் பழசு.

எங்கள் பாட்டா குடிப்பள்ளிக்கூடத்து ஆசானிடம் மணலில் எழுதிப் படித்தவர். தப்பாக எழுதினால் ஆசான் விரலைப் பிடித்து மணலோடு சேர்த்துத் தேய்ப்பார். "எழுத்து மறந்தாலும் எரிச்சல் மறக்காது" என்பார் பாட்டா. அதை எந்த எந்திரத்தோடு ஒப்பிடலாம் என்று பெல்லைத்தான் கேட்க வேண்டும்.

ஜூன் 14

ஜப்பானில் பள்ளி முந்தியதா, ஆலை முந்தியதா என்று கேட்டவருக்கு: 1872இல்தான் நாடு முழுவதற்குமான பள்ளிச் சட்டம், அதே 1872இல்தான் தொமியோகா பட்டாலை. அரசு இரண்டையும் ஒரே மூச்சில் செய்தது. முட்டையா கோழியா என்று அங்கே கேட்க வழியில்லை, இரண்டையும் சந்தையில் வாங்கி வந்துவிட்டார்கள்.

ஜூன் 17

எங்கள் சொந்தக் கடையைத் திறக்கிறேன். ஐடிஐ.

பிட்டர் பையனுக்கு முதல் மூன்று மாதம் ஒரே வேலை. ஒரு இரும்புக் கட்டையை அரத்தால் ராவிச் சமன் செய்ய வேண்டும். மூலைமட்டம் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நடுவில் ஒளி கசியக் கூடாது. முதல் வாரம் கொப்புளம், இரண்டாம் வாரம் அழுகை, மூன்றாம் வாரம் ஒருவன் ஓடிப்போவான். ஆறாம் வாரம் ஒருவன் கட்டையைத் தூக்கிப் பிடித்துச் "சார், கசியவில்லை" என்று கத்துவான். அந்தச் சத்தத்துக்காகத்தான் 31 வருடம் போனேன் என்று சொன்னால் மனைவி சிரிக்கிறாள்.

2000க்குப் பிறகு வடக்கே ஓசூர்ப் பக்கத்திலிருந்து பெரிய நிறுவனங்கள் ஆளெடுக்க வந்தன. ஒரு முறை வந்த அதிகாரியிடம் நம் பையன்களின் கட்டைகளை வரிசையாக வைத்துக் காட்டினேன். தொட்டும் பார்க்கவில்லை. "எட்டு மணி நேரம் நிற்பானா? விடுதியில் இருப்பானா? சங்கம் கிங்கம் என்று போவானா?" மூன்றே கேள்வி. அவருக்கு வேண்டியது என் மாணவன் அல்ல, அவனுடைய கால். இரண்டு வருடம் ராவியவனை ஒரு திருகாணி முறுக்கும் இடத்தில் நிறுத்தினார்கள். ஒன்றிரண்டு வேலையையே ஆயுள் முழுக்கச் செய்பவன் மந்தமாகிப் போவான், அதனால் அரசு அவனுக்குக் கல்வி கொடுக்க வேண்டும் என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதிவிட்டார். அவர் கல்வியை ஆலைக்கு மருந்தாகச் சொன்னார். வந்த அதிகாரி அதை ஆலைக்குத் தீவனமாகக் கேட்டார்.

பாதிப் பேர் ஒரு வருடத்தில் திரும்பி வந்தார்கள். சோம்பேறிகள் என்று நானும் திட்டினேன். இப்போது திட்டமாட்டேன். அவர்களில் பலர் வளைகுடாவுக்குப் போய்க் குழாய் இணைப்பு, டர்பைன் பராமரிப்பு என்று கை வித்தை கேட்கும் வேலைகளில் நின்றார்கள். ஓசூரில் நிற்காத கால் துபாயில் நின்றது. வித்தியாசம் காலில் இல்லை.

ஜூன் 18

"படித்தவர்கள் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள், மாவட்டத்துக்கு என்ன லாபம்?" என்று தக்கலையிலிருந்து ஒரு அம்மா. பாதி உண்மை. இன்று இங்கே கட்டுமானத்திலும் ஓட்டலிலும் ஒடியாவும் வங்காளமும் பேசும் பிள்ளைகள். நம் பிள்ளைகள் மஸ்கட்டில். எல்லோரும் ஒரு படி நகர்ந்து உட்கார்ந்திருக்கிறோம்.

சரக்கல்விளையில் அரசுப் பள்ளியில் தமிழில் படித்த சிவன் இஸ்ரோ தலைவரானதை எல்லா ஆண்டு விழாவிலும் சொல்கிறோம். நல்லது. ராக்கெட் எந்திரத்தைச் சோதிக்கும் மகேந்திரகிரியோ எல்லைக்கு அந்தப் பக்கம், நெல்லை மாவட்டத்தில். மலை நம்முடையதாகத் தெரியும், விலாசம் அவர்களுடையது.

ஒரு கிளைச் சந்தேகம்: சிவகாசி, கோவில்பட்டிப் பக்கமும் தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். வாசலுக்குள் பேனா பிடிக்க வாய்க்காத பெண்களையும் பிள்ளைகளையும் உட்கார வைத்த இடங்களுக்கெல்லாம் தெற்கே ஆபீஸ் என்று பெயர். யார் வைத்தது? முதலாளியின் பந்தாவா, போகிறவளின் கௌரவமா? அம்மை "ஆபீஸுக்குப் போகிறேன்" என்று சொல்லும்போது தலை கொஞ்சம் நிமிரும். அதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான்.

ஜூன் 22

பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். மின்சார மணி வைத்துவிட்டார்கள். புளியமரம் இருக்கிறது, தண்டவாளத் துண்டும் இருக்கிறது; கம்பி மரப்பட்டைக்குள் புதைந்து போயிருக்கிறது. தலைமையாசிரியை, வயது என் மகளுக்கு இருக்கும், "தட்டிப் பாருங்கள் சார்" என்றார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். தண்டவாளம் அல்ல. லாரியின் ஸ்பிரிங் பட்டை. நடுவில் போல்ட் துளை, இரண்டு நுனியும் லேசாக வளைந்திருக்கிறது. ஐந்து வயதில் யாரோ சொன்னதை அறுபது வருடம் நம்பியிருக்கிறேன், அதுவும் பிட்டர் பாடம் நடத்தியவன். ஜூன் 3ஆம் தேதிக் குறிப்பில் உள்ள ரயில் நகைச்சுவையை ரத்து செய்கிறேன்.

தட்டினேன். மூன்றாம் வகுப்பு மொத்தமும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டது. மணி பதினொன்றேகால்.